கல்யாணத் தேதியில் திறக்கும் பெட்டி

1

இந்தக் கதை நானாக யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. போன வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஃபோனில் வந்தது. அப்போது என் புது நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு மாமியாருக்கும் மருமகளுக்கும் சமாதானம் செய்துவைத்துக்கொண்டிருந்தேன். இருவரும் அழத் தயாராக நின்றார்கள்.

"மேடம், நான் உங்க வாசகி. பத்து நிமிஷம் பேசலாமா? பாராட்டுறதுக்கு இல்ல."

(பாராட்டுவதற்கு இல்லை என்று தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டுவார்கள். நான் பேனாவை எடுத்துக்கொண்டேன்.)

"சொல்லும்மா."

"உங்க நாவல்ல நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கம். பீரோவுக்கு நம்பர் வைக்கிற இடம்."

அது எது என்று எனக்கு உடனே தெரிந்தது. கதாநாயகன் புது பீரோ வாங்கி வருகிறான். நான்கு எண்கள் வைத்துத் திறக்கிற பூட்டு. "என்ன நம்பர் வைக்க?" என்று கேட்கிறான். அவள் பதில் சொல்லாமல், நாளுக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு என்று அவர்களுடைய கல்யாணத் தேதியைத் திருகி வைக்கிறாள். "நமக்குள்ள பூட்டுறதுக்கு வேற என்ன இருக்கு" என்கிறாள். என் வாசகிகள் இந்த வரியைக் கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சடித்திருக்கிறார்கள்.

"நாங்களும் அதே மாதிரி வெச்சோம் மேடம். உங்க கதையைப் படிச்சிட்டுத்தான்."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். "நகைப் பெட்டிக்கா?"

"இல்ல மேடம். துப்பாக்கிப் பெட்டிக்கு."

தாளின் ஓரத்தில் 'துப்பாக்கி' என்று எழுதினேன்.

"போன வாரம் என் பொண்ணு அதைத் திறந்துட்டா. ஏழு வயசு."

பேனா எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. மறுநாள் பெருக்கும்போதுதான் கிடைத்தது.

"குழந்தைக்கு...?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல மேடம். ஆனா அவ இன்னும் அதை விளையாட்டுன்னுதான் நெனைக்கிறா. நான் சொல்ல ஆரம்பிச்சா பாதியில அழுதுடறேன். அவங்கப்பா ஆரம்பிக்கறதே இல்ல. அவளுக்கு எதையும் கதையா சொன்னாதான் புரியும். நீங்க எழுதிக் குடுங்க. அவ பயந்து நடுங்கக் கூடாது. ஆனா புரியணும். இன்னொரு தடவ அவ கை அங்க போகக் கூடாது, மேடம்."

ஒரு வாரம் தவணை கேட்டேன்.

யாருக்கும் அடிபடவில்லை என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டேன், கவனித்திருப்பீர்கள். வழக்கமாக அதைக் கடைசி வரை மறைத்துவைத்து உங்களை நாற்காலி நுனியில் உட்கார வைப்பேன். எனக்கு அது கைவந்த வேலை. இந்தக் கதையில் அதைச் செய்யக் கூசுகிறது.

2

முதல் தொடக்கம்:

'மழை விட்ட மாலையில், மீசையை நீவியபடி அவன் தன் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.'

அடித்துவிட்டேன். துப்பாக்கி அவனுடையது அல்ல, அவளுடையது. அவள் துப்பாக்கி சுடும் விளையாட்டின் பயிற்சியாளர். என் வாசகி என்று அவள் சொன்ன பிறகும், துப்பாக்கி என்றதும் என் கை தானாக ஒரு மீசையை வரைந்திருக்கிறது. இருபது வருடம் எழுதி நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

இரண்டாம் தொடக்கம்:

'அவளுடைய குறி தவற ஆரம்பித்த மாதத்தில்தான் அவள் அவனைச் சந்தித்தாள்.'

இது நன்றாகவே போனது. கணவர் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். கண் பரிசோதித்து, கண்ணாடி போட்டுக் கொடுப்பவர். போட்டிகளில் தொடர்ந்து தோற்ற அவள் ஒருநாள் கடைக்குள் நுழைந்து, வாசலில் நின்றபடியே சொன்னாளாம்: "எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. டார்கெட்தான் மங்கலா தெரியுது."

"அப்ப டார்கெட்டைக் கூட்டிட்டு வாங்க" என்றாராம் அவர். "அதுக்கே ஒரு கண்ணாடி போட்டுடலாம்."

இப்படிப்பட்ட ஒரு ஜோடி கிடைத்தால் நான் விடுவேனா? மூன்று பக்கம் எழுதினேன். கடையின் கண்ணாடிச் சட்டங்கள், அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சின்ன ஸ்க்ரூ டிரைவர், கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரி எழுத்துகளை அவள் மனப்பாடம் செய்து ஏமாற்றியது, அவர் கண்டுபிடித்தது. நான்காம் பக்கத்தில் கல்யாணமே நடந்துவிட்டது.

அப்போதுதான் உறைத்தது, நான் கதை சொல்லவில்லை, தப்பித்து ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று. அந்தப் பெட்டியின் பக்கத்தில் போகாமலிருக்க ஒரு காதலையே கிளப்பிவிட்டிருக்கிறேன்.

3

ஆகவே, பெட்டி.

இரும்புப் பெட்டி. இரண்டு செங்கல்லை ஒட்டி வைத்த அளவு. படுக்கையறை அலமாரியில், போர்வைகளுக்குப் பின்னால் இருந்தது. உள்ளே ஒரு போட்டிக் கைத்துப்பாக்கி. ஒருமுறைக்கு ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுவது. அதன் விசை மிக லேசானது. போட்டிக்காரர்களுக்கு அப்படித்தான் வேண்டும், அழுத்தும்போது கை அசையக் கூடாது என்பதற்காக. "எவ்வளவு லேசு?" என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "ஸ்விட்ச் போடற அளவுகூட வேணாம் மேடம்" என்றாள்.

தோட்டாக்கள் வேறு பெட்டியில் இருந்தன. சமையலறை மேல்தட்டில். அவை தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தன் மாணவர்களுக்கு வாரம் தவறாமல் சொல்லிக்கொடுப்பவள்.

அந்தப் பெட்டிக்கும் நான்கு எண் பூட்டு.

அதே நான்கு எண்கள்.

(அவை எந்த எண்கள் என்று நான் எழுதவில்லை. இப்போது மாற்றிவிட்டார்கள், எழுதினாலும் பாதகமில்லை. ஆனாலும் கை வரவில்லை.)

நான் குறுக்கே புகுந்து ஒன்று சொல்ல வேண்டும். இவள் அலட்சியக்காரி அல்ல. சுடுதளத்தில் இவளுக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'எண்ணிப்பாரு'. சுட்டு முடித்ததும் துப்பாக்கியைத் திறந்து, உள்ளே காலி என்று காட்ட ஆரஞ்சு நிறக் கொடி ஒன்றைச் செருகி, வெற்றுத் தோட்டாக் கூடுகளை எண்ணி ஒப்படைத்தால்தான் வீட்டுக்கு விடுவாள். ஒன்று குறைந்தால் மொத்தக் கூட்டமும் குனிந்து தேட வேண்டும். இப்படிப்பட்டவள், துப்பாக்கியோடு கூடவே வந்த கம்பிப் பூட்டை அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தாள். துப்பாக்கியின் உடம்புக்குள் கம்பியை நுழைத்துப் பூட்டினால் தோட்டாவைப் போடவே முடியாது. "அதான் பெட்டி இருக்கே மேடம், அதுக்கு மேல எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றாள்.

சுடுதளத்தில் அவள் பயிற்சியாளர். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அதையும் கழற்றி வைத்துவிட்டு, என் நாவலின் கதாநாயகியாக உள்ளே போயிருக்கிறாள்.

இப்போது அந்தத் தேதியைப் பற்றி. அந்த வீட்டில் அதைத் தெரியாதவர்கள் யாருமில்லை. மகள் மொட்டுவுக்கு (கூப்பிடும் பெயர்தான்) முதன்முதலில் எண்ணப் பழக்கிய எண்களே அவைதான். விருந்தாளி வந்தால் கண்ணாடிக்காரர் பெருமையாகக் கேட்பார்: "மொட்டு, அம்மாவும் அப்பாவும் எப்ப கல்யாணம் பண்ணிக்கிட்டோம்?" அவள் நாற்காலியில் ஏறி நின்று நாள், மாதம், வருடம் மூன்றையும் ஒப்பிப்பாள். எல்லோரும் கைதட்டுவார்கள். ஒவ்வொரு வருடமும் வாழ்த்து அட்டை வரைந்து, தேதியைப் பெரிதாக எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவாள்.

இந்த வருட அட்டை இன்னும் அங்கேயே இருக்கிறதாம். தோட்டாப் பெட்டி இருந்த தட்டுக்கு நேர் கீழே.

4

புதன்கிழமை. பள்ளி அரை நாள். வெளியே நல்ல மழை. கண்ணாடிக்காரர் கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு மகளோடு வீட்டில் இருந்தார். சாப்பாட்டு மேசையில் ஒரு மூக்குக்கண்ணாடியைப் பிரித்துப் போட்டு, காதில் வைக்கும் கம்பிக்குத் திருகாணி மாட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவையும் பயிற்சியாளரிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். எதையும் நான் அழகுபடுத்தவில்லை.

"அப்பா, வெளையாடலாமா?"

"இந்த ஒரு ஸ்க்ரூம்மா. இது என்னைப் பாத்து சிரிக்குது, மாட்ட மாட்டேங்குது."

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். நான்தான் அம்மா. நீ கிளாஸுக்கு வந்திருக்க."

"சரிங்க கோச். ஃபீஸ் எவ்ளோ?"

"பேசக் கூடாது. கண்ணை மூடு. நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது."

அவர் மூடிக்கொண்டார். அந்த வீட்டின் பழக்கம் அது. பிறந்தநாள் பரிசு, வரைந்த படம், புது உடுப்பு, எதைக் காட்டுவதானாலும் மற்றவர் கண்ணை மூட வேண்டும். கடையில் நாள் முழுக்க அடுத்தவர்களிடம் 'ஒரு கண்ணை மூடுங்க' என்று சொல்கிறவர், மகள் சொன்னால் இரண்டையும் மூடிவிடுவார்.

அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. நாற்காலியை இழுக்கும் சத்தம். பிறகு சமையலறையில் இன்னொரு நாற்காலி. டிக், டிக் என்று ஏதோ சுற்றும் ஒலி. பென்சில் டப்பா என்று நினைத்தாராம்.

"கோச், டீ ஆறுது" என்றிருக்கிறார்.

"இரு, இரு. அவசரப்பட்டா வெளிய நிக்க வெச்சிருவேன்."

அம்மாவின் வாக்கியம். அதே குரலில். அவர் சிரித்திருக்கிறார்.

மழையினால் அன்று பயிற்சியை ரத்து செய்திருந்தார்கள். மொட்டுவின் அம்மா சாவி போட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்தாள். குடையை மடக்கவில்லை.

அவள் பார்த்தது இதுதான். மேசைக்கு அந்தப் பக்கம் கணவர். கண்கள் மூடியிருக்கின்றன. முகத்தில் சிரிப்பு. மடியில் கை. மேசைக்கு இந்தப் பக்கம், தனக்கு முதுகைக் காட்டியபடி, மகள். கால்களைத் தோள் அகலத்துக்கு அகட்டி, முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் நீட்டி. எந்தக் குறையும் சொல்ல முடியாத நிலை. யாரோ மிக நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

[இந்த இடத்தில் இரண்டு நாள் நின்றுவிட்டேன். 'அவள் இதயம்' என்று தொடங்கி ஒரு வாக்கியம் எழுதினேன். அவள் இதயம்

இல்லை. என் நாவல்களில் இதயங்கள் நிறைய நின்றிருக்கின்றன, வெடித்திருக்கின்றன, வாய்க்கு வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றும் இங்கே பொருந்தவில்லை. "என்ன தோணுச்சும்மா உனக்கு?" என்று கேட்டேன். "ஒண்ணுமே தோணல மேடம். காது மட்டும் அடைச்சுக்கிச்சு" என்றாள். அதையே எழுதுகிறேன்.]

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது.

ஓடவில்லை. மகளின் பெயரைச் சொல்லவில்லை. பெயரைச் சொன்னால் குழந்தை துப்பாக்கியோடு திரும்பியிருப்பாள், விரல் இறுகியிருக்கும். சுடுதளத்தில் சொல்லும் அதே ஒற்றைச் சொல்லை, அதே உரத்த குரலில் சொன்னாள்.

"நிறுத்து!"

அந்தச் சொல் கேட்டால் தளத்தில் இருக்கும் எல்லோரும் விசையிலிருந்து விரலை எடுக்க வேண்டும். குழல் இலக்கைப் பார்க்கத் துப்பாக்கியை மேசையில் வைக்க வேண்டும். பின்னால் இரண்டடி நகர்ந்து கைகளை உயர்த்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து மொட்டுவுக்கு அது மனப்பாடம்.

அவள் விரலை எடுத்தாள். துப்பாக்கியை மேசையில் வைத்தாள். விதிப்படி, குழல் இலக்கைப் பார்க்க.

அப்பாவைப் பார்க்க.

இரண்டடி நகர்ந்து கைகளை உயர்த்தினாள். திரும்பி அம்மாவைப் பார்த்து, "கரெக்டா வெச்சேனா?" என்றாள்.

அப்போதுதான் அவர் கண்ணைத் திறந்தார்.

அம்மா துப்பாக்கியை எடுத்து, சுவர்ப் பக்கம் திருப்பி, திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு தோட்டா இருந்தது.

5

என் தொழில் முடிவுகள். ஆகவே முயன்றேன்.

முடிவு ஒன்று. அம்மா மண்டியிட்டு மகளை வாரி அணைக்கிறாள். அப்பா இருவரையும் அணைக்கிறார். வெளியே மழை விடுகிறது. (மழை விடவில்லை. அவள் மகளை அணைக்கவுமில்லை. அந்தத் தோட்டாவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவர் நாற்காலியிலிருந்து எழவே இல்லை. மொட்டு மட்டும் கையைத் தூக்கியபடி நின்றாள். 'இறக்கு' என்று யாரும் சொல்லவில்லை அல்லவா.)

முடிவு இரண்டு. கணவன் மனைவி சண்டை. "அந்த இரும்பு இந்த வீட்டுல இருக்கக் கூடாது!" என்று அவர் கத்துகிறார். (கத்தவில்லை. மூன்று நாள் கழித்து, இழுப்பறையிலிருந்து அந்தக் கம்பிப் பூட்டை எடுத்து, உறையைப் பிரித்து, அவள் முன்னால் வைத்து, "இதை எப்படிப் போடணும்னு காட்டு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றாராம். அவ்வளவுதான்.)

முடிவு மூன்று. அன்று மழை இல்லை. பயிற்சி ரத்தாகவில்லை. அவள் வழக்கம்போல் ஐந்தரை மணிக்கு வந்து கதவைத்

6

சனிக்கிழமை என் பதிப்பாசிரியர் ஃபோன் செய்தாள். பழைய நாவலின் புதுப் பதிப்பு அச்சுக்குப் போகிறது.

"அக்கா, நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்துல ஏதோ மாத்தணும்னு மெயில் போட்டிருக்கீங்க. அந்த வரியை எடுத்தா வாசகிங்க வீட்டுக்கே வந்து என்னை அடிப்பாங்க."

"அடி வாங்கிக்கோ. நானும் கூட நிக்கறேன்."

"அக்கா, அது பீரோ. உள்ள லெட்டர்தான் இருக்கு. நீங்களா துப்பாக்கியை வெச்சீங்க?"

சட்டப்படி அவள் சொல்வது சரி. நான் காதல் கடிதங்களைத்தான் பூட்டச் சொன்னேன். ஆனால் இருபது வருடமாக, பதினேழு நாவல்களில், நான் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்: அன்பு இருக்கும் வீட்டில் ரகசியம் இருக்காது. மறைக்கிறவன் வில்லன். பூட்டுகிறவள் மனசு சரியில்லாதவள். ஒரு குடும்பம் அதை நம்பியிருக்கிறது. நம்பி, இரண்டு பெட்டிகளுக்கு ஒரே எண் வைத்து, அந்த எண்ணைக் குழந்தைக்குப் பாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்திருக்கிறது.

பயிற்சியாளர் இப்போது செய்திருப்பது என் எந்த நாவலிலும் இல்லாதது. பெட்டியைச் சுவரோடு சேர்த்து போல்ட் அடித்தாயிற்று. துப்பாக்கிக்குள் கம்பிப் பூட்டு. தோட்டாக்கள் வீட்டிலேயே இல்லை; சுடுதளத்தின் கிடங்கில். பெட்டிக்குப் புது எண். அது யாருடைய பிறந்தநாளும் அல்ல. அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரியும். கணவருக்குக்கூடத் தெரியாது.

"அவர் ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டேன்.

"கேட்டார் மேடம். 'அப்ப எனக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு உன்கிட்ட இருக்கு'ன்னார். 'ஒண்ணு இல்லீங்க, நாலு'ன்னேன். அந்தப் புதன்கிழமைக்கு அப்புறம் அன்னிக்குத்தான் லேசா சிரிச்சார்."

கடையில் அவர் இப்போதெல்லாம் 'கண்ணை மூடுங்க' என்று சொல்வதில்லையாம். ஓர் அட்டையைக் கொடுத்து, "இதை வெச்சு ஒரு கண்ணை மறைச்சுக்குங்க" என்கிறாராம்.

பதிப்பாசிரியரிடம் உண்மையைச் சொன்னேன், பெயர்கள் இல்லாமல். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். "நான் ஒரு நிமிஷத்துல கூப்பிடறேன்க்கா" என்று வைத்துவிட்டாள். அவள் வீட்டில் எதற்கு என்ன எண் என்று நான் கேட்கவில்லை.

7

இன்று மறுபடியும் வியாழக்கிழமை. தவணை முடிந்தது.

மொட்டுவுக்காக நான்கு கதைகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் துப்பாக்கி ஒரு தூங்கும் மிருகம். இன்னொன்றில் பூட்டு ஒரு நல்ல காவல்காரன். நான்கையும் சத்தம் போட்டு வாசித்துப் பார்த்தேன். நான்கிலும் பொய்யின் வாடை. மிருகத்தைத் தட்டி எழுப்பி நண்பனாக்கிக்கொள்ளலாம் என்றுதான் ஏழு வயசு நினைக்கும். நானாக இருந்தால் அப்படித்தான் நினைப்பேன்.

பதினோரு மணிக்கு நானே கூப்பிட்டேன்.

"எழுத முடியலம்மா" என்றேன். "நீ குடுத்த புதன்கிழமையை அப்படியே எழுதினேன். அதுக்கு மேல ஒரு வரி போகல."

"பரவால்ல மேடம். நேத்து நானே ஆரம்பிச்சேன். அழாம பாதி வரைக்கும் வந்துட்டேன். 'நிறுத்து'ன்னு சொன்ன இடம் வரைக்கும். அங்க அவ ஒண்ணு கேட்டா. அதுக்கு என்னால..." நிறுத்தினாள். "அவ இங்கதான் நிக்கறா. உங்ககிட்ட கேக்கணுமாம். குடுக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். குழந்தைகளிடம் பேசத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

"குடும்மா."

ஃபோன் கை மாறும் சத்தம். மூச்சு. ஒரு பல் விழுந்த வாயிலிருந்து வரும் குரல்.

"ஆன்ட்டி, நீங்க கதை எழுதறவங்களா?"

"ஆமாம்மா."

"எல்லாக் கதைக்கும் கடைசியில என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும்."

"அன்னிக்கு அம்மா லேட்டா வந்திருந்தா, நான் சுட்டிருப்பேன்ல. அப்பா கண்ணை மூடிட்டு இருந்தாங்கல்ல." அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்புறம் நான், கண்ணைத் தொறங்கன்னு சொன்னா, அப்பா தொறந்திருப்பாங்களா?"

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றது. யாரோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்கள். அம்மாவாக இருக்க வேண்டும். இல்லை, அவராகவும் இருக்கலாம். இந்த நேரத்துக்குக் கடைக்குப் போயிருக்க வேண்டியவர். அந்த வீடே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது.

பதில் எனக்குத் தெரியும். மூன்றெழுத்துச் சொல் போதும். என்னிடம் இருக்கும் எல்லாச் சொற்களையும் கொண்டு அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வாரம் வேலி கட்டியிருக்கிறேன்.

"ஆன்ட்டி? இருக்கீங்களா?"

இருக்கிறேன். ஆனால் இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. இவ்வளவு தூரம் என்னோடு வந்துவிட்டீர்கள். ஃபோனை உங்களிடம் கொடுக்கிறேன். ஏழு வயது. புத்திசாலி. குரலை உயர்த்தாதீர்கள். பொய் சொல்லாதீர்கள்.

அவள் காத்திருக்கிறாள். பேசுங்கள்.